செல்ஃப் எடுக்காத காரும் ஒரு டிசி கிளாம்ப் மீட்டரும்

வாங்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒயரைத் தாடையால் கவ்வி, அதில் ஓடும் கரண்ட்டை அளப்பதுதான் கிளாம்ப் மீட்டர். ஆனால் அந்தப் பெயரைப் பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் காருக்கு உதவாது. கார் பேட்டரி தருவது டிசி. மலிவானவற்றில் பல, வீட்டு மின்சாரமான ஏசியின் ஆம்பியரை மட்டும்தான் அளக்கும். தண்ணீர் மோட்டார், கம்ப்ரஸர் பார்ப்பவர்களுக்கு அது போதும். அதைக் கொண்டுவந்து பேட்டரி கேபிளில் மாட்டினால், செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும், திரையில் பூஜ்யம் நிற்கும். வோல்ட்டுக்கு டிசி உண்டு என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. டயலில் 'ஏ' என்ற ஆம்பியர் குறிக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருக்கிறதா, 'ஜீரோ' என்று தனியாக ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் உள்ளே காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் இருக்கிறது, டிசியும் அளக்கும்.

நான் வாங்கியது 600 ஆம்பியர் வரை டிசி அளக்கும் நடுத்தர ரக மீட்டர். தொடக்க மின்னோட்டத்தைப் பிடிக்கும் இன்ரஷ் வசதி, குறைந்த அளவையும் கூடிய அளவையும் பிடித்து வைக்கும் மின்-மேக்ஸ், பின்விளக்கு எல்லாம் உண்டு. பெயரைச் சொல்வதில் பெரிய பயன் இல்லை. இதே உடம்பு நாலைந்து பெயர்களில், நாலைந்து நிறங்களில் விற்கிறது. வசதிகளைப் பார்த்து வாங்குவதுதான் சரி.

மீட்டரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அது வேலை பார்த்த வண்டியையும் சொல்லியாக வேண்டும். பழைய பெட்ரோல் கார், கையால் போடும் கியர், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சின். செல்ஃபுக்குத் தனி ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச், கிடையாது. சாவி சுவிட்சிலிருந்தே ஒரு ஒயர் நேராக, செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் காந்தச் சுவிட்சான சொலினாய்டுக்குப் போகிறது. காலையில் சாவியைத் தொட்டாலே எடுக்கும். நன்றாக ஓடிச் சூடாகி, நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்து திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல எடுத்துக்கொள்ளும். பார்த்தவர்களெல்லாம் பேட்டரி என்றார்கள். ஒரு பணிமனையில் வண்டியைத் தொட்டும் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொன்னார்கள். சத்தத்தைக் கேட்டே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எலெக்ட்ரிகல் வேலையில் நிறையவே இருக்கிறது. சத்தத்தில் கொஞ்சம் செய்தி இருக்கிறதுதான். 'டகடகடக' என்று அடித்தால் பேட்டரி சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் லூஸ், ஒற்றை 'டக்' என்றால் சொலினாய்டோ அதற்கு அப்பாலோ, ஒன்றுமே கேட்கவில்லை என்றால் சொலினாய்டுக்கே கரண்ட் வரவில்லை. ஆனால் அதை வைத்து எந்தப் பக்கம் தேடலாம் என்று முடிவு செய்யலாம். பாகத்தை மாற்ற அது போதாது.

முதல் வேலை ஆம்பியர். இதற்குத்தான் இந்தக் கருவியை வாங்கினேன், இதில் அது ஏமாற்றவில்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போது, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மாட்டினேன். பாசிட்டிவைவிட நெகட்டிவ்தான் வசதி, ஒயர்க் கூட்டம் குறைவு. அந்த முனையிலிருந்து இரண்டு கேபிள் போனால் இரண்டும் தாடைக்குள் வர வேண்டும். பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்து உள்ளே போய்விட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், எதுவும் காட்டாது. மகளை சாவியில் உட்காரவைத்து, "இப்போ திருப்பும்மா" என்றேன். இன்ரஷ் 400-ஐ ஒட்டி ஓர் எண்ணைப் பிடித்துக் காட்டியது. அதன் பிறகு மோட்டார் சுழலும்போது 130 ஆம்பியர் சுற்றளவில் நின்றது. இந்த அளவு எஞ்சினுக்கு அது சரியான எண்தான்.

இந்த ஒரு அளவிலேயே செல்ஃப் மோட்டாரை மாற்றும் பேச்சு முடிந்துவிட்டது. மோட்டார் மெதுவாகச் சுற்றி, ஆம்பியர் எக்கச்சக்கமாக ஏறினால் உள்ளே சுழலும் ஆர்மெச்சரோ அதைத் தாங்கும் புஷ்ஷோ உரசுகிறது, இல்லை எஞ்சினே இறுக்கமாக இருக்கிறது. மெதுவாகச் சுற்றி ஆம்பியரும் குறைவாக இருந்தால் எங்கோ தடை, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிள் முனை பூத்திருக்கலாம். சொலினாய்டு பலமாக அடித்தும் ஆம்பியர் ஏறவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனை தீய்ந்திருக்கும். மூன்றையும் காதால் பிரிக்க முடியாது. மோட்டாரைக் கழற்றாமல் இதைச் சொல்ல இந்த மீட்டரைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வண்டியைச் சூடாக்கி, கோளாறை வரவழைத்துப் பார்த்தேன். 'டக்'. நெகட்டிவ் கேபிளில் இருபது ஆம்பியர்கூட இல்லை. அதாவது பெரிய மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. சொலினாய்டு மட்டும் அரைகுறையாக இழுத்துப் பார்த்து, முடியாமல் நிற்கிறது.

இங்கிருந்து கிளாம்பை விட்டுவிட்டு வோல்ட் பக்கம் வந்தேன். மீட்டரின் உண்மையான உபயோகம் இதில்தான் தெரிந்தது. பலரும் மீட்டரை பேட்டரியில் வைத்து 12.6 பார்த்துவிட்டு "பேட்டரி நல்லா இருக்கு" என்பார்கள். சும்மா இருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. ஆனால் சுமை ஏற்றும்போது அது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. மிதமான வெப்பநிலையில் கிராங்க் ஆகும்போது, அதாவது செல்ஃப் எஞ்சினைச் சுற்றும்போது, 9.6-க்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. என் வண்டியில் 10.8-ல் நின்றது. பேட்டரி தப்பித்தது.

சொலினாய்டில் சாவியின் கரண்ட் வந்து சேரும் சின்ன முனை உண்டு. ஐரோப்பிய முறை எண்கள் போட்ட வண்டிகளில் அதில் 50 என்று இருக்கும். பேட்டரி பாசிட்டிவ் 30, சாவி போட்டதும் வரும் கரண்ட் 15, எர்த் 31. இந்த எண்கள் மனதில் இருந்தால் ஒயரிங் படம் பாதி புரிந்துவிடும். மீட்டர் ஒயரின் தொடுமுனையான புரோபில், கறுப்பை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும், சிவப்பு புரோபை 50-லும் வைத்து, சூடான வண்டியில் சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரியில் 12.2 இருக்கும்போது அங்கே வந்து சேர்ந்தது 8.1 வோல்ட். நடுவில் 4.1 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

காணாமல் போன வோல்ட்டைத் தேடுவதில் ஒரு ருசி இருக்கிறது. இப்போது எர்த்தை மறந்துவிட வேண்டும். ஒரே பாதையின் இரண்டு புள்ளிகளில் இரண்டு புரோபையும் வைத்து, சுமை ஓடும்போது அந்தத் துண்டு எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்சின் 30 வரை 0.6. சுவிட்சுக்குள்ளேயே, 30-க்கும் 50-க்கும் நடுவில், 2.7. எஞ்சின் அறையில் ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரில் 0.5. அங்கிருந்து சொலினாய்டு வரை ஒயரில் 0.3. கூட்டிப் பாருங்கள், 4.1 சரியாக வரும். வராவிட்டால் எங்கோ ஒரு துண்டை விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆக, குற்றவாளி சாவி சுவிட்ச். அந்த ஒயரில் கிளாம்பை மாட்டியபோது 19 ஆம்பியர். 2.7 வோல்ட்டை 19 ஆம்பியரால் பெருக்கினால் 51 வாட். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் 51 வாட் சூடு! பிறகு கழற்றிப் பார்த்ததில், தொடுமுனை கறுத்து, சுற்றி இருந்த பிளாஸ்டிக் பழுப்பாக உருகி வழிந்திருந்தது. இதே சுவிட்சை, தடையை அளக்கும் ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் மீட்டர் 0.3 காட்டியது. மீட்டரின் சொந்த ஒயர்களே அதில் பாதிக்கு மேல். 0.14 ஓம் என்பது ஓம்ஸ் டயலில் "நல்ல சுவிட்ச்" மாதிரிதான் தெரியும். 19 ஆம்பியர் ஓடும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். பெரிய கேபிளில் இன்னும் மோசம். 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் போய்விடும். அந்தத் தடையை இந்த விலை வரிசையில் உள்ள எந்த மீட்டரும் ஓம்ஸில் காட்டாது. கிராங்க் ஆகும்போது பாசிட்டிவ் கேபிள் முழுவதிலும் அரை வோல்ட்டுக்கு மேல், எர்த் பக்கம் 0.2, 0.3-க்கு மேல் விழுந்தால் அங்கே கை வைக்க வேண்டும்.

சரி, சூட்டில் மட்டும் ஏன்? செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு 80 டிகிரி கூடுதலாகச் சூடானால், அதன் சுருளில் தடை 30 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதனால் கரண்ட் குறையும், இழுவிசையும் குறையும். 8 வோல்ட்டில் குளிர்ந்த சொலினாய்டு எப்படியோ இழுத்துக்கொள்கிறது, சூடானது பாதியில் நின்றுவிடுகிறது. சூட்டில் மட்டும் வரும் கோளாறை மோட்டாரின் தலையில் கட்டிவிடுவது ஏன் சுலபமாக இருக்கிறது என்றால், புது மோட்டார் போட்டதும் சில மாதம் ஓடவும் செய்யும். புதுச் சொலினாய்டு அந்த 8 வோல்ட்டிலும் சமாளித்துவிடும். சுவிட்ச் உள்ளே தொடர்ந்து தீய்ந்துகொண்டே இருக்கும்.

சுவிட்சின் எலெக்ட்ரிகல் பகுதியை மட்டும் மாற்றி, கூடவே 40 ஆம்பியர் ரிலே ஒன்றும் சேர்த்தேன். சாவியிலிருந்து வரும் ஒயர் இப்போது ரிலே சுருளுக்கு மட்டும் போகிறது. அதற்கு 0.2 ஆம்பியர் இருந்தாலே போதும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு தடித்த ஒயர் ரிலேயின் 30-க்கு, அதிலிருந்து கரண்ட் வெளியே வரும் முனையான 87-லிருந்து சொலினாய்டுக்கு. இப்போது எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தாலும் கிராங்க் ஆகும்போது 50-ல் 10 வோல்ட்டுக்குக் கீழே போவதில்லை.

மீட்டரை நான் திட்டியது இக்னிஷன் பக்கம் வந்தபோதுதான். இதே வண்டிக்கு இன்னொரு சேட்டையும் இருந்தது. சில சமயம் மோட்டார் நன்றாகவே சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. சோர்ந்துபோய் சாவியை விடும் அந்த நொடியில் ஒரு உறுமல் உறுமி எடுத்துக்கொள்ளும். சாவி 'ஆன்' நிலையில் காயிலுக்குக் கரண்ட் வருகிறது, 'ஸ்டார்ட்' நிலையில் போய்விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சுவிட்ச் தேய்ந்தால் முதலில் நடப்பது இதுதான். நேர் எதிரான கதையும் உண்டு. காயிலுக்கு முன்னால், அதற்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த பழைய வண்டிகளில் கிராங்க் ஆகும்போது அதைத் தாண்டி நேர்க் கரண்ட் வரும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தால் சாவியைத் திருப்பும்போது பிடிக்கும், விட்டதும் அணைந்துவிடும்.

பழைய சுவிட்சைக் கழற்றுவதற்கு முன்பே இதையும் உறுதி செய்துகொள்ளலாம் என்று காயிலின் பாசிட்டிவில் புரோபை வைத்துத் திருப்பச் சொன்னேன். திரையில் 12.1, அப்புறம் கோடுகள், அப்புறம் ஏதோ மில்லிவோல்ட், அப்புறம் 5 சொச்சம். அளவு வரிசையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோரேஞ்ச் தன் பாட்டுக்கு மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தது. நொடிக்கு மூன்று தடவை மட்டும் புதுப்பிக்கும் திரை, விட்டுவிட்டு வரும் கரண்ட்டைப் பிடிப்பதற்குள் மகள், "அப்பா, இன்னுமா?" என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான். செல்ஃபைத் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் சுற்றவிடவும் கூடாது. ரேஞ்ச் பட்டனை அழுத்தி 60 வோல்ட்டில் பூட்டிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கடைசியில் இதைச் சந்தேகமில்லாமல் காட்டியது, பின்னால் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப்தான். 'ஆன்' நிலையில் பளிச்சென்று எரிந்தது, 'ஸ்டார்ட்' நிலைக்குப் போனதும் பீடி நெருப்பு மாதிரி சுருங்கிவிட்டது.

இதனால்தான் மீட்டர் வாங்குகிறவர்களிடம் ஒரு பல்பையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அளக்கும் இடத்திலிருந்து அது எடுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியரைச் சுற்றித்தான். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் கேட்கும், அழுகிய ஒயர் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே எச்சரிக்கை: கம்ப்யூட்டர் உள்ள வண்டியில், அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களிலும், ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களிலும் இந்தப் பல்பைக் கொண்டுபோகக்கூடாது. அங்கே மீட்டர்தான், அதுவும் சர்வீஸ் புத்தகம் சொன்ன இடத்தில் மட்டும். ஸ்பார்க் பிளக் ஒயர் பக்கம் மீட்டர், பல்பு இரண்டுமே போகக்கூடாது. அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

மற்ற குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜீரோ நிற்காது. பெரிய கரண்ட்டை அளந்த பிறகு தாடையில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருந்து, வெறும் காற்றில் ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் காட்டும். கேபிளுக்குப் பக்கத்தில் அதே கோணத்தில் பிடித்து ஜீரோ அழுத்திவிட்டு மாட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும். இதே காரணத்தால், வண்டி நிற்கும்போது பேட்டரியை இரவோடு இரவாகக் குடிக்கும் திருட்டுக் கரண்ட்டைப் பார்க்க இது உதவாது. அங்கே தேடுவது 50 மில்லி ஆம்பியருக்கு மேலா கீழா என்ற விஷயம். அதற்கு மில்லி ஆம்பியர் கிளாம்ப் தனியாக இருக்கிறது, இல்லாவிட்டால் சாதாரண மல்டிமீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும்.

பின்விளக்கு அரை நிமிடத்தில் அணைந்துவிடும். பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும்போது எரிச்சல் தாங்காது. மின்-மேக்ஸ் போட்டுவிட்டால் தானாக அணையும் வசதி ரத்தாக வேண்டும், நல்ல மீட்டர்களில் அப்படித்தான் இருக்கும். இதில் கால் மணி நேரத்தில் மீட்டர் தூங்கப்போய்விடும், பிடித்து வைத்த எண்ணும் போய்விடும். ஒயரில் தொடர்பு இருக்கிறதா என்று சொல்லும் பஸ்ஸர் அரை நொடி யோசித்துவிட்டுத்தான் கத்தும். தாடை 30 மில்லிமீட்டர் திறந்தாலும் தலை தடிமனாக இருப்பதால் செல்ஃப் மோட்டார் பக்கம் நுழையாது. பேட்டரி பக்கமே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆம்பியர் அளக்க எந்த ஒயரையும் பிரிக்க வேண்டாம். சாதாரண மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் தெரியாமல் செல்ஃபை இணைத்து ஃபியூஸைக் கொளுத்தும் ஆபத்தும் இதில் இல்லை. வோல்ட் அளவு நம்பகமாக இருக்கிறது. பழைய மேசை மீட்டரோடு ஒப்பிட்டதில் 12 வோல்ட்டுக்கு இரண்டாவது தசமத்தில்தான் வித்தியாசம் வந்தது. செல்ஃப் மட்டுமில்லாமல், ஆல்டர்னேட்டர் எவ்வளவு தருகிறது, ஃபேன் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்றெல்லாம் நொடியில் பார்த்துவிட முடிகிறது.

பெட்டியில் வரும் புரோப் ஒயர்களை மட்டும் அப்படியே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் விறைப்பு, நீளம் போதாது, முனை கப்ளருக்குள் போகாத அளவு தடிப்பு. சிலிகான் உறை போட்ட நீள ஒயர் ஒரு ஜோடி, முதலை வாய் கிளிப் ஒரு ஜோடி, கப்ளரின் பின்பக்கமாக நுழையும் ஊசிமுனை ஒரு ஜோடி தனியாக வாங்கினேன். கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டிவிட்டால் ஒரு கை காலி. சாவியில் ஆள் இல்லாத நேரத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரை கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைப்பரில் மாட்டி, நானே உள்ளே உட்கார்ந்து திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.